மூடிய கைபோல் ஒரு பொத்தான்

ஓசை எழாத கிணறு ஒன்று ஓர் ஊரில் இருந்ததாம். தண்ணீருக்குக் குறைவில்லை; ஆழமும் அளவான ஆழந்தான். ஆனால் வாளி போய் விழுந்தால் ‘தொபுக்’ என்ற சத்தம் மட்டும் மேலே வராது. விழவில்லையோ என்று ஐயுற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கயிறு விட்டார்கள். அதிலும் நம்பிக்கை பிறவாமல் இரண்டாவது வாளியையும் இறக்கினார்கள். கயிறுகள் சிக்கின, வாளிகள் மோதி நசுங்கின. ஊர் கூடி விசாரித்து, வாளி இறக்கியவர்களின் கையில்தான் பிழை என்று தீர்ப்பளித்தது. கிணற்றைக் குறைகூற ஒருவருக்கும் நாவெழவில்லை. வாயே திறவாத ஒன்றின்மேல் எப்படி வழக்கு வைப்பது?

அப்படிப்பட்ட கிணறு ஒன்றைத் திருகோணமலையில் தோண்டியவள் ஷிஃபானா. மண்வெட்டி பிடித்தல்ல, கிண்ணியாவில், தன் வீட்டு முன்னறையில், கணினியின் முன்னே அமர்ந்து தோண்டினாள்.

கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் சில காலம் இருந்துவிட்டு, இனி எழுதுவதை எல்லாம் சொந்த ஊருக்கே எழுதுவது என்று தீர்மானித்துத் திரும்பி வந்தவள் அவள். முதலில் கிடைத்த பெரிய வேலை, உட்துறைமுகக் கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நடத்திய ஐஸ் தொழிற்சாலையில். கடலுக்குப் போகும் படகுகளுக்கு அங்கிருந்துதான் ஐஸ் பாளங்கள் போகும். முன்பு குளிரறைக் கதவை ஒருவர் கயிற்றால் இழுத்துத் திறக்க, இன்னொருவர் பாளத்தைக் கொக்கியால் இழுத்துச் சறுக்குப்பலகையில் விடுவார். சங்கம் புதிய இயந்திரம் வாங்கிய பிறகு அந்த வேலை கணினிக்கு வந்தது. மேலே கண்ணாடி அறையில் இருப்பவர் திரையில் ‘இறக்கு’ என்ற பொத்தானைச் சுட்டியால் அழுத்தினால், கீழே கதவு திறந்து, இயந்திரக் கை ஒரு பாளத்தைத் தள்ளிவிடும். பாளம் சறுக்கிப் போய்ப் படகில் விழும். அந்தச் செயலியை எழுதியவள் ஷிஃபானா.

கண்ணாடி அறையின் கதிரையில் இருந்தவள் குணேஸ்வரி. சம்பூர்க்காரி, ஷிஃபானாவைவிடச் சற்றே மூத்தவள். மீன் தரம்பிரிக்கும் மேசையில் செதிளோடும் உப்புத் தண்ணீரோடும் பல காலம் நின்றவள், பட்டினத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கணினி பழகி, அந்தக் கதிரைக்குத் தானே விண்ணப்பித்து வந்து உட்கார்ந்தாள். சங்கத் தலைவர் யோகலிங்கம் அரைமனதோடுதான் இசைந்தார். மனுசன் கெட்டவரல்லர், ஆனால் எதிலும் பொறுமை இல்லாதவர். தேத்தண்ணி கேட்டால் இரண்டு தரம் கேட்பார். அழைப்புமணியை மூன்று தரம் அடிப்பார்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய சில நாள்களிலேயே, கேட்டதற்கு மேல் பாளங்கள் விழலாயின. ஒன்று கேட்டவருக்கு இரண்டு. நான்கு கேட்டவருக்கு ஐந்து. மூதூர் பாஹிமின் படகில் அப்படி வேண்டாமல் விழுந்த பாளம், முன்பக்க அணியத்தில் அப்போதுதான் வடித்து வைத்த சோற்றுப்பானையின்மேல் இறங்கியது. பானை தட்டாயிற்று. பாஹிம் சண்டைக்கு வரவில்லை. தட்டையான பானையைக் கொண்டுவந்து தலைவரின் மேசையில் வைத்து, “ஐஸ் சோறு நாங்க கேக்கல்லையே, ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சண்டை பிடித்திருந்தால்கூட யோகலிங்கத்துக்கு அவ்வளவு வலித்திராது.

கூட்டம் கூடியது. செயலியில் பிழையா என்று ஷிஃபானாவைக் கேட்டார்கள். தான் எழுதியதை அவள் வரிக்கு வரி சோதித்திருந்தாள். ஆகவே தயங்காமல் சொன்னாள்: செயலி சரி, ஒரு தரம் அழுத்தினால் ஒரு பாளம், இரண்டு தரம் அழுத்தினால் இரண்டு. சொல்லி முடித்த பிறகுதான், தன் சொல் போய் யார் தலையில் விழுந்தது என்பதைக் கண்டாள். எல்லோருடைய முகமும் குணேஸ்வரியின் பக்கம் திரும்பியிருந்தது.

குணேஸ்வரி மறைக்கவில்லை. “ஓம், இரண்டு தரம் அமத்தினது நான்தான். ஏன் அமத்தினனான் எண்டு எனக்கே தெரியேல்லை.”

யோகலிங்கம் முடிவைச் சொன்னார். அப்போது காற்று மாறிக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். படகுகள் பெரும்பாலும் கரையிலேயே கிடந்தன. கடல் அடங்கும் நாளில் எல்லாம் ஒருமிக்கப் புறப்படும். அன்றைக்கும் ஒரு பாளம் கூடுதலாக விழுந்தால், குணேஸ்வரி மீன் மேசைக்குத் திரும்ப வேண்டும். கதிரைக்கு வெளியில் இருந்து ஆள் எடுப்பார்கள். குணேஸ்வரி தலையசைத்தாள். எழுந்து போகும்போது, குளிரறைக்கு மேலிருந்த கண்ணாடி அறையின் குளிருக்கு அவள் மாட்டும் கம்பளிக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள். தன் கைமேலேயே அவளுக்கு ஐயம் வந்துவிட்டதை ஷிஃபானா கண்டாள். அந்தக் காட்சி, கிண்ணியாப் பாலத்தைப் பேருந்து தாண்டிய பிறகும் அவளை விட்டு அகலவில்லை.

மறுநாள் அவளே கண்ணாடி அறைக்கு வந்து, குணேஸ்வரியின் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, கதிரையில் இருந்தாள். வளைகுடாவுக்குள்ளேயே வலைபோடும் சிறு படகுகளுக்கு அன்று ஐஸ் போக வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினாள். கீழே இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் சுட்டியின் ‘டிக்’ என்ற ஓசை காதில் விழவில்லை. கம்பளிக் கையுறைக்குள் விரலுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணோ யன்னலுக்கு வெளியே சறுக்குப்பலகையின் மேல். கதவு திறந்து பாளம் தலைநீட்டுவதற்குள் ஒரு நீண்ட வெறுமை. அந்த வெறுமையில் படகுக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஷிஃபானாவின் விரல் தன்னை அறியாமல் இன்னொரு தரம் அழுந்தியது.

இரண்டு பாளங்கள் விழுந்தன. படகுக்காரர் கையை விரித்து ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இராது.

“பாத்தீங்களோ?” என்றாள் குணேஸ்வரி. அவள் முகத்தில் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரிப்பு. “என்ர கையில பேய் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன். இப்ப உங்களையும் பிடிச்சிட்டுது.”

காதுக்கு இரைச்சல்; விரலுக்குக் கையுறை; மிஞ்சியது கண் ஒன்றே. அந்தக் கண்ணுக்கும் பொத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் நிறச் செவ்வகம். அழுத்துமுன்னும் அதே சாம்பல், அழுத்திய பின்னும் அதே சாம்பல். ஷிஃபானா தன் கிணற்றின் ஆழத்தை அன்றுதான் எட்டிப் பார்த்தாள்.

முதலில் எளிய வழியை நாடினாள். ஒரு தரம் அழுத்தியதும், பாளம் விழும்வரை பொத்தான் பூட்டிக்கொள்ளும்படி செய்தாள். அது அரைநாள்கூடத் தாங்கவில்லை. ஐந்து பாளம் வேண்டியவருக்கு ஐந்து தரம் காத்திருந்து காத்திருந்து அழுத்த வேண்டியிருந்தது, வரிசை நீண்டது, படகுகளில் இருந்து வந்த ஏச்சைக் குணேஸ்வரி நல்லெண்ணத்தோடு யன்னலைச் சாத்தித் தடுத்தாள். இரண்டு தரம் அழுத்துவது குற்றமல்லவே. இரண்டு பாளம் வேண்டும்போது அதுதான் வேலை. வேண்டாதபோது அழுத்தாமல் இருக்கவே வழி தேட வேண்டும்.

பிறகு அலங்காரத்தில் இறங்கினாள். கொழும்பில் அவள் கற்றுவந்த வித்தைகள் எல்லாம் முன்னறைக்குள் வந்து குவிந்தன. பொத்தானுக்கு வளைந்த ஓரங்கள். அடியில் மெல்லிய நிழல். நீலத்தில் இருந்து பச்சைக்கு வழுக்கிச் செல்லும் நிறம். சுட்டி அருகில் வந்தாலே பூப்போல் மலரும் ஒளி. அழுத்தினால் குளத்தில் கல் விழுந்தாற்போல் விரியும் வளையங்கள். அவளுடைய தாய் உம்மு குல்சும் குசினியில் இருந்து வந்து எட்டிப் பார்த்தார். பெருநாளைக்குக் கடைத்தெருவில் போடுகிற மின்குமிழ்த் தோரணம்போல் இருப்பதாகச் சொல்லி, இதற்குள்ளே வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஷிஃபானா காதில் போட்டுக்கொள்ளவில்லை. யன்னல்சீலை இழுத்துவிட்ட அறையில் அது அவ்வளவு அழகாக இருந்தது.

தொழிற்சாலையில் அந்த அழகின் சாயம் வெளுத்தது. வளைகுடாவின் பக்கம் திறந்த யன்னலால் வெயில் வந்து திரைமேல் விழ, மெல்லிய நிழலும் வளையங்களும் போன இடம் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: சுட்டி அருகில் வந்ததும் மலர்ந்த ஒளி. அதுவே பொல்லாப்பாயிற்று. கடைக்கண்ணில் பொத்தான் ஒளிர்வதைக் கண்ட குணேஸ்வரி, அழுத்தியாயிற்று என்று எண்ணிக் கையை எடுத்தாள். பாளம் வரவில்லை. படகுக்காரர் காத்து நின்றார், பிறகு கூவினார், பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போக ஆயத்தமானார். ஊமைப் பொத்தான் போய், கேட்பதற்கு முன்பே ‘ஓம்’ என்று தலையாட்டும் முகத்துதிக்காரப் பொத்தான் வந்து சேர்ந்திருந்தது. வேலைக்காரர் இருவரில் யார் கேடு என்றால், பேசாதவனைக்கூட நம்பலாம்.

யோகலிங்கம் படியேறி வந்து பார்த்துவிட்டு, “வடிவாய்த்தான் இருக்குது, பிள்ளை. வடிவை வைச்சு மீன் பழுதாகாமல் பாக்க ஏலாது” என்று சொல்லி இறங்கிப் போனார். வானொலியில் அன்று காலை காற்றுத் தணியும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஷிஃபானா, ஒரு பாளம் கதவைத் தாண்ட உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கினாள். கீழ்த்தளத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேளாது. சறுக்குப்பலகையின் வாயிலில் அர்ஷாக் நின்றார். கிண்ணியாவிலிருந்து அவளோடு ஒரே பேருந்தில் வருகிறவர். கொக்கியோடு பல ஆண்டு பழகியவர். அவருக்குப் பின்னால் மூலையில் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. குளிரில் விறைத்துப் போயிருந்த ஷிஃபானா, கேத்திலைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினாள். ஒரு வெறுந்தேத்தண்ணி.

அர்ஷாக் தன் கையை உயர்த்தி ஒரு விரலை மடக்கினார். மடக்கியபடியே தன் வேலையைப் பார்த்தார். கிடையாது என்கிறார் போலும் என்று எண்ணிய ஷிஃபானா, மறுபடியும் ஒரு விரலைக் காட்டினாள். அவர் சற்றே வியந்து, இன்னொரு விரலையும் மடக்கினார். விளங்கவில்லைப் போலும் என்று மூன்றாந்தரமும் காட்டினாள். மூன்றாவது விரலும் மடங்கியது. கொஞ்ச நேரத்தில் மூன்று கோப்பைத் தேத்தண்ணி அவள் முன்னால் வந்து நின்றது. ஒவ்வொரு கோப்பையாக அவர் நீட்டியபோது, மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இரைச்சலில் கேட்கவில்லை. பல்வரிசை மட்டும் தெரிந்தது. அர்ஷாக் அவளை வாசலுக்கு வெளியே கூட்டி வந்து, விளக்கம் தந்தார்.

“மடக்கினா கேட்டது எண்டு அர்த்தம், தங்கச்சி. நிமித்தினா முடிஞ்சிது. இதுக்குள்ள வாயால கதைக்க ஏலாதுதானே. நீங்க மூண்டு தரம் கேட்டீங்க, மூண்டு வந்திருக்குது. குடிங்க.”

ஷிஃபானா கோப்பைகளை ஏந்தியபடி நின்றுவிட்டாள். பிறகுதான் படகுகளின் பக்கம் பார்த்தாள். எத்தனையோ நாள் பார்த்தும் காணாத காட்சி. படகில் நின்றவர் இரண்டு விரல் காட்டினார். மேலே யன்னலில் குணேஸ்வரி கையை உயர்த்தி இரண்டு விரலை மடக்கினாள். படகுக்காரர் மறுபேச்சின்றித் திரும்பித் தன் கயிற்றைச் சுருட்டலானார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி நம்பிக் காத்திருப்பார். குணேஸ்வரி மடக்கிய கையை இறக்கி, சுட்டியைப் பிடித்து, பொத்தானை அழுத்தினாள். பொத்தான் அவளை வெறித்துப் பார்த்தது. எல்லோருக்கும் விரல் மடக்கிக் காட்டுகிறவள் அவள். அவளுக்கு மடக்கிக் காட்டத்தான் ஒருவரும் இல்லை.

ஷிஃபானா படிகளில் தேத்தண்ணி சிந்தச் சிந்த ஏறினாள். மூன்று கோப்பைகளையும் கண்ட குணேஸ்வரி, யாருக்கு விருந்து என்று கேட்டாள்.

“அக்கா, நானும் மூண்டு தரம் அமத்திப்போட்டன்” என்றாள் ஷிஃபானா. “உங்கட கையில ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட பொத்தானில. எனக்கு ரெண்டு நாள் தாங்க.”

குணேஸ்வரி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, இரண்டு விரலை மடக்கினாள்.

அந்த இரண்டு நாளும் முன்னறையில் யன்னல்சீலை விலக்கியே கிடந்தது. முதலில் ஷிஃபானா தன் அலங்காரங்களை எல்லாம் அழித்தாள். சுட்டி அருகில் வந்தால் பொத்தான் சலனமே காட்டக் கூடாது. கேளாத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. பிறகு, அழுத்தியதும் நிறம் மாற வேண்டும் என்று அவள் முதலிலேயே எழுதியிருந்தும், அந்த மாற்றம் ஏன் உடனே திரைக்கு வரவில்லை என்பதன் வேரைத் தோண்டினாள். இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்புவதையும் திரையை வரைவதையும் செயலி ஒரே ஆளாக நின்று செய்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் பதிலுக்காகக் காத்து நிற்கையில் திரையை வரைய அதற்குக் கையில்லை. கலியாண வீட்டில் ஆக்குவதையும் வாசலில் நின்று வரவேற்பதையும் ஒருவரிடமே ஒப்படைத்தால், வந்தவரை யார் ‘வாங்கோ’ என்பது? ஆகவே இரண்டு வேலையையும் பிரித்து, இரண்டு பேரிடம் கொடுத்தாள். இனி இயந்திரம் எவ்வளவு சுணங்கினாலும், பொத்தான் அந்தக் கணமே பதில் சொல்லும்.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு இப்போது ஐயமில்லை. பொத்தானைத் திரையின் பாதி அளவுக்குப் பெருப்பித்தாள். ஓய்வில் இருக்கையில் அது மேலே எழும்பி நிற்கும் பலகைபோல் இருந்தது: மேல்விளிம்பில் வெளிச்சம், கீழ்விளிம்பில் தடித்த நிழல், முகத்தில் ஐந்து வெள்ளைப் பட்டைகள். ஒரு தரம் அழுத்தினால் பலகை உள்ளே அமிழும். நிழல் வெளியில் இருந்து உள்ளே குடிபெயரும். ஒரு பட்டை மடிந்து கருநீலமாகும். மறுதரம் அழுத்தினால் இன்னொரு பட்டை மடியும். பாளம் சறுக்குப்பலகையின் வாயைத் தாண்டிவிட்டது என்று அங்குள்ள உணரி சொன்ன பின்னரே, ஒரு பட்டை நிமிர்ந்து வெள்ளையாகும். எல்லாப் பட்டையும் நிமிர்ந்தால் பலகை மேலே எழும்பிவிடும். கையின் படம் எதையும் அவள் வரையவில்லை. ஆனாலும் பார்த்தவுடன் அது ஒரு கை மடங்கி விரிவதாகவே தோன்றியது.

சோதிக்கும் இடத்தையும் மாற்றினாள். திரையை முற்றத்துக்குக் கொண்டுபோய் நடுவெயிலில் வைத்தாள். தாயைச் சுட்டியின் பக்கம் இருத்திவிட்டு, தான் முருங்கைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் அழுத்த, இவள் மரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், இப்போது மடங்கியது, இப்போது நிமிர்ந்தது என்று சொல்லி வந்தாள். வேலியோரம் போன அயல்வீட்டுக்காரி, மகள் ஏன் முருங்கைமரத்தோடு பேசுகிறாள் என்று கேட்டதாகக் கதை. கடைக்கண்ணுக்குத் தப்பிய நிறங்களை எல்லாம் ஷிஃபானா தடிக்கச் செய்தாள். ஒருமுறைகூடத் தப்பாமல் சொன்ன பிறகே திரையை உள்ளே எடுத்தாள்.

“முந்தி மினுங்கினது” என்றார் உம்மு குல்சும். “இப்ப இது மனுசர்ர சொல்லக் கேக்குது.”

மூன்றாம் நாள் விடிந்தபோது வளைகுடா எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. கரையோரம் எங்கும் படகுகள். குச்சவெளிப் பக்கத்தில் இருந்து வந்தவை ஒரு வரிசை, மூதூரில் இருந்து வந்தவை ஒரு வரிசை. பல நாள் கடலில் தங்கும் பெரிய கலங்கள் வெளியே நங்கூரத்தில். எல்லோருக்கும் ஐஸ் வேண்டும். எல்லோருக்கும் முதலில் வேண்டும். குணேஸ்வரி கையுறையை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் யோகலிங்கம், கையைப் பின்னே கட்டிக்கொண்டு. மூலையில் சுவரோடு சுவராக ஷிஃபானா.

முதற்படகு மூன்று விரல் காட்டியது. குணேஸ்வரி யன்னலில் மூன்று விரலை மடக்கினாள். சுட்டியில் மூன்று தரம் அழுத்தினாள். திரையில் மூன்று பட்டை மடிந்தன. அவள் தலை திரையின் பக்கம் திரும்பவே இல்லை; தோள் மட்டும் தளர்ந்தது. ஷிஃபானா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாளங்கள் வழுக்கின, பட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, படகு விலகியது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. மடக்குவதும் நிமிர்வதுமாகக் காலை நகர்ந்தது. குணேஸ்வரியின் கையில் ஒரு தாளம் குடிபுகுந்தது. ஒருமுறை அவள் படகுக்காரரின் பகிடிக்கு மறுபகிடி சொல்லக்கூட நேரம் எடுத்துக்கொண்டாள்.

பாஹிமின் படகு வந்தபோது, அணியத்தில் புதுப் பானை. பானையின்மேல் கவிழ்த்த மீன்பெட்டி. பெட்டியின்மேல் ஒரு கல். பாஹிம் அதைக் கண்ணாடி அறைக்கு மரியாதையாகச் சுட்டிக்காட்டிவிட்டு, ஐந்து விரலையும் விரித்தார். குணேஸ்வரி முழுக்கையையும் மூடிக் காட்டினாள். ஐந்து பட்டையும் மடிந்தன. ஒன்று விழுந்தது, இரண்டு, மூன்று, நான்கு விழுந்தன.

ஐந்தாவது விழவில்லை.

பாஹிம் அண்ணாந்து பார்த்து ஒரு விரலை ஆட்டினார். பின்னால் நின்ற படகுகள் ஊதத் தொடங்கின. வரிசை நெருக்கியது, ஒன்றின் அணியம் இன்னொன்றின் பின்பக்கக் கடையாரில் முட்டியது. குணேஸ்வரியின் விரல் சுட்டியின்மேல் இருந்தது. ஷிஃபானா சுவரை விட்டு ஓரடி முன்னே வந்தாள். இதே வெறுமைதான், அன்று தன் விரல் தன்னை அறியாமல் அழுந்திய அதே வெறுமை. திரையில் நான்கு வெள்ளை, ஒன்று கருநீலம். பலகை அமிழ்ந்தபடியே இருந்தது.

குணேஸ்வரியின் விரல் அசையவில்லை.

அசைந்தது வேறொரு விரல். “ஒண்டு குறையுது, பிள்ளை! அமத்துங்கோ, அமத்துங்கோ” என்றபடி யோகலிங்கம் அவள் தோளுக்கு மேலால் எட்டிச் சுட்டியைப் பிடிக்கப் போனார். குணேஸ்வரி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். சங்கத் தலைவரின் கையை ஒருவர் அப்படிப் பிடித்தது அதுவே முதல்முறை.

“அது கேட்டுட்டுது, ஐயா” என்றாள் அவள். “இன்னும் செய்து முடிக்கேல்லை. கீழ ஏதோ இறுகிக் கிடக்குது.”

சொன்னதோடு, திரையின் ஓரத்தில் இருந்த ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினாள். அது சிவந்து அமிழ்ந்தது. கதவின் மேலிருந்த செவ்விளக்கு எரிந்தது. கீழே அர்ஷாக் விளக்கைக் கண்டு ஏணியில் ஏறினார். கதவின் வாயில் பாளம் குறுக்காகத் திரும்பி, ஒடிந்த மரச்சட்டம் ஒன்றில் இறுகிக் கிடந்தது. கொக்கி எட்டவில்லை. அவர் தோள்வரை கையை உள்ளே விட்டு, சட்டத்தை நெம்பினார். அந்தக் கைக்குப் பின்னால், குளிரறையின் இருளில், அடுத்த பாளம் ஒரேயொரு கட்டளைக்காகக் காத்திருப்பது கண்ணாடி அறையில் இருந்து நன்றாகவே தெரிந்தது.

யோகலிங்கம் அதைக் கண்டார். நீட்டிய கை நீட்டியபடியே சிறிது நேரம் நின்றது. பிறகு, அது வேறு யாருடையதோ என்பதுபோல், அதைத் தன் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

சட்டம் கழன்று வந்தது. அர்ஷாக் இறங்கி, கையை உயர்த்தி மூடி, அகல விரித்தார். குணேஸ்வரி நிறுத்தத்தை விடுவித்தாள். ஐந்தாவது பாளம் நேராக வழுக்கிப் போய், பானைக்கு ஒரு முழம் தள்ளி, உரிய இடத்தில் அமர்ந்தது. திரையில் கடைசிப் பட்டை நிமிர்ந்தது, பலகை எழும்பியது. பாஹிம் கல்லை எடுத்து, பெட்டியை நீக்கி, பானையை இரு கையாலும் தூக்கிக் காட்டினார். வரிசையில் இருந்த படகுகள் எல்லாம் ஊதின. இம்முறை கோபத்தில் அல்ல.

உச்சி சாயுமுன் கரை வெறுமையாயிற்று. கேட்டவருக்குக் கேட்டது; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசிப் பெரிய கலம் வளைகுடாவின் வாயைத் தாண்டியபோது, குணேஸ்வரி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தன் கையை ஒருமுறை பார்த்தாள். இந்தத் தடவை ஐயத்தோடு அல்ல; நீண்ட பிணக்குக்குப் பிறகு வீடு திரும்பிய சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல்.

யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். “என்ர விரலும் அமத்தப் போனதுதானே” என்றார், ஷிஃபானாவைப் பார்த்தும் பாராமலும். “நான் இந்தக் கதிரையில இருந்திருந்தால் இண்டைக்கு அர்ஷாக்கின்ர கை போயிருக்கும்.” பிறகு குணேஸ்வரியின் பக்கம் திரும்பினார். “கதிரை உங்கட. இனி அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.”

குணேஸ்வரி எழுந்து நின்று தலையசைத்தாள். உடனே மீண்டும் உட்கார்ந்தாள். சற்று அழுத்தமாகவே உட்கார்ந்தாள். ஷிஃபானா சிரித்துவிட்டாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குச்சவெளிச் சங்கத்தார் தங்கள் ஐஸ் அறைக்கும் இப்படியொரு பொத்தான் வேண்டும் என்று கேட்டனுப்பியிருந்ததை அவள் அன்று மாலைதான் கவனித்தாள்.

தலைவருக்கு நாவறண்டிருந்தது. யன்னலால் எட்டி, கீழே கேத்திலோடு நின்ற அர்ஷாக்கைப் பார்த்து வாய்திறந்தவர், ஏதோ நினைத்து வாயை மூடிக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நான்கு விரலை உயர்த்தினார். அர்ஷாக் நான்கு விரலை மடக்கினார்.

அறையில் இருந்த இரண்டு பெண்களும் யோகலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை ஒருமுறை துடித்தது. ஆனாலும் அவர் யன்னலோரம் அமைதியாக நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணி வரும்வரை காத்திருந்தார்.